மாமா பார்த்த கடற்கரை ஊர்கள்

என் மாமாவின் கலியாணத்தை முற்றாக்கியது நான்தான். எங்கள் வீட்டில் இதை ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. அம்மாவைக் கேட்டால் பிள்ளையார் என்பார். அப்பாவைக் கேட்டால், அன்றைக்கு அந்தச் சனக்கூட்டத்தில் தான் பார்க்கிங் பிடித்த கெட்டித்தனம் என்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத பிள்ளை என்று சொந்தபந்தத்துக்குள் ஏற்கனவே பெயர் எடுத்திருந்தேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்றில்தான் இருந்தார். அங்கே அறை இரண்டுதான். ஒன்றில் அப்பாவும் அம்மாவும், மற்றதில் நானும் மடிக்காத உடுப்புக் கூடைகளும், முன்னறைச் சோபாவில் மாமா. பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். முப்பத்தைந்தை நெருங்கியிருந்தார். நெற்றி மேல்நோக்கிப் போகத் தொடங்கியிருந்தது. அதை மறைக்க முன்மயிரை ஒரு மாதிரி வளைத்து இழுப்பார். அம்மா அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

மற்றப் பிள்ளைகளுக்கு மாமன்மார் இராசா, ராணிக் கதை சொன்னார்கள். எனக்கு மாமா சொன்னவை இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள். கனடாவுக்கு வருமுன் அவர் சில வருடங்கள் அங்கே இருந்தவர். லண்டனைப் பற்றிக் கேட்டால், "அது சும்மா சனம்" என்று கையை உதறிவிடுவார். கடற்கரை என்று தொடங்கினால் நிறுத்தமாட்டார். மார்கேட்டில் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குமாம். தண்ணீர் வற்றும் நேரம் ஈர மணலில் வெகுதூரம் நடந்து போகலாமாம்.

"ஆனா மார்கேட்டுக்குப் போறவை கட்டாயம் பாக்கவேண்டியது அங்கத்தை லைப்ரரி. அப்பிடி ஒரு சூடு. காலமை போய் இருந்தா, பின்னேரம் மட்டும் ஒருத்தரும் எழும்பச் சொல்லமாட்டினம்" என்பார்.

ஹேஸ்டிங்ஸ் வேறு விதமாம். மீன்பிடி வள்ளங்களைக் கூழாங்கல் கரையிலேயே இழுத்து ஏற்றி வைத்திருப்பார்கள். பக்கத்தில் வலை வைக்கிற கறுப்பு மரக்கொட்டில்கள், ஒல்லியாக, மாடிவீட்டு உயரத்தில் வரிசையாக நிற்கும். கரையில் சும்மா சிரித்த முகத்தோடு நின்றால் மீன்காரர்கள் விற்காத சின்ன மீன்களைத் தருவார்களாம். கிரேட் யார்மத்தில் சந்தைக்குள் உருளைக்கிழங்கு பொரிக்கிற வாசம். அந்த வாசத்துக்காகவே ஒருவர் அந்த ஊருக்குப் போகவேண்டுமாம். அதைவிடப் பெரிய விசேசம், கடற்கரை வீதியில் கண்ணாடி போட்ட கொட்டில்கள். நடுவில் சுவர், நாலு பக்கமும் இருக்கிறதுக்கு வாங்கு. காற்று எந்தப் பக்கத்தால் அடித்தாலும் எழும்பி மற்றப் பக்கம் போய் இருக்கலாம்.

"உந்த மூளை வேற ஒரு நாட்டுக்காரனுக்கும் வராது" என்று மாமா தலையை ஆட்டுவார். பிளாக்பூலுக்கு வந்தால் குரல் இன்னும் இறங்கும். அங்கே இலையுதிர் காலத்தில் கடலோரம் முழுக்க மின்விளக்குத் தோரணமாம், அதற்குக் கீழே ட்ராம் ஓடுமாம். "பாக்கிறதுக்கு ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை!"

எங்கே தங்கினீர்கள் என்று கேட்டேன். ஹொட்டேலில் என்றார். கடலுக்கு முன்னாலேயே ஹொட்டேல், காலைச் சாப்பாடும் அவர்களே தருவார்கள். எத்தனை நாள் என்று கேட்டேன். ஒவ்வொரு ஊரிலும் நாலைந்து மாதம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வகுப்பில் ஒரு பெடியன் ஒரு கிழமை கியூபாவுக்குப் போய்வந்துவிட்டுத் தோலுரிந்த மூக்கோடு பெருமையடித்துத் திரிந்தான். என் மாமா ஹொட்டேல் ஹொட்டேலாக வருடக்கணக்கில் விடுமுறை கழித்தவர் என்று சொன்னேன். அவன் அதற்குப் பிறகு மூக்கைக் காட்டவில்லை.

பிற்காலத்தில் நான் அந்த ஊர்களுக்கு நேரில் போனேன். மாமா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கறுப்புக் கொட்டில்கள் அப்படியே நிற்கின்றன. மார்கேட்டின் அந்திவானத்தைப் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன்.

மாமாவுக்குக் கலியாணம் பேசி இரண்டு இடம் குழம்பிப் போயிருந்தது. காரணம் நான் வளர்ந்த பிறகு அறிந்ததுதான். இங்கிலாந்தில் அவருடைய அகதி வழக்கு சரிவரவில்லை. அதன் பிறகுதான் கனடாவுக்கு வந்து புதிதாகத் தொடங்கினார். பெண் வீட்டாருக்கு இது தெரியவந்ததும் கேள்விகள் வரும். அவ்வளவு காலமும் அங்கே என்ன செய்தவர்? ஏன் வேண்டாம் என்று திருப்பினார்கள்? குடும்பம் கிடும்பம் இருந்ததோ? மாமாவுக்கு அங்கே ஒரு பூனைகூட இருக்கவில்லை. ஆனால் இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது?

மூன்றாவதாக வந்த இடம் லண்டன் பெண். எங்கள் பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கும் தன் பெரியம்மா வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்தார். மருந்துக்கடையில் வேலை. மாமாவிடம் படத்தைக் காட்டினார்கள். அன்றிரவு அவர் ஒரே சட்டையை இரண்டு தரம் ஸ்திரி போட்டார். "இதுதான் கடைசி, அக்கா" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "இதுவும் சரிவராட்டி இனி என்னை ஒரு இடத்திலையும் கொண்டுபோய் நிப்பாட்டாதேங்கோ. எனக்குக் காணும்."

எங்கள் ஆட்கள் பெண் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. தற்செயலாகச் சந்திப்பார்கள். கோவிலில் சந்திப்பார்கள், அல்லது கோடையென்றால் ஒரு பார்க்கில் சந்திப்பார்கள். சரிவராவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மானம் போகாது, வணக்கம் சொல்லிவிட்டுக் கலையலாம். நாங்கள் தற்செயலாகச் சந்திக்க வேண்டிய இடமாக, ஸ்காபரோவில் அந்த உயரமான வெள்ளை மண்மலைக்குக் கீழே இருக்கும் ஏரிக்கரை தெரிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், ஊரே அங்கேதான்.

எங்கள் வான் வண்டியில் போகும்போது அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பி மாமாவிடம் சொன்னார். "இங்கிலாந்துக் கதை உன்ரை வாயிலை வரக்கூடாது, சொல்லிப்போட்டன்." எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. பெண் இங்கிலாந்துக்காரி. அவரைவிட எங்களுக்கு அந்த நாடு கூடத் தெரியும் என்று முதல் நாளே காட்டிக்கொள்வது மரியாதை இல்லைதானே. அடக்கமாக இரு என்று அம்மா எனக்கும் அடிக்கடி சொல்வதுதான்.

"அட, நீங்களும் இங்கையோ!" என்று அம்மா வியந்தார். எந்த மரத்துக்குக் கீழே வியப்பது என்று காலையில் போனில் பேசி முடிவெடுத்தவரும் அவர்தான். "ஓம் பிள்ளை, வெய்யிலுக்குச் சும்மா வெளிக்கிட்டு வந்தனாங்கள்" என்றார் பெரியம்மா. சும்மா வந்தவர்கள் எங்களுக்கும் சேர்த்துக் கதிரை கொண்டு வந்திருந்தார்கள். நாங்களும் அவர்களுக்குச் சேர்த்துக் கொண்டு போயிருந்தோம். ஆட்களைவிடக் கதிரை கூடிப்போயிற்று. இரண்டு பக்கமும் மட்டன் றோல்ஸ். இரண்டு பக்கமும் வீட்டில் செய்தது என்றார்கள். ஒரே கடை றோல்ஸ் என்பது எனக்கு முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது. அதை மட்டும் நான் சொல்லவில்லை. எனக்கும் ஒரு எல்லை உண்டு.

அந்தப் பெண், பிறகு எனக்கு மாமியானவர், நீல நிற நீளச் சட்டை போட்டிருந்தார். அதிகம் சிரிக்கவில்லை. மாமா அவருக்கு எதிர்க் கதிரையில் இருந்தார். பெரியம்மா வேலையைப் பற்றிக் கேட்டார். மாமா ஓம் என்றார். கனடா பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அதற்கும் ஓம். குளிர் எப்படி என்று கேட்டார். மாமா யோசித்து, ஓம் என்றார். அப்பா இடையில் புகுந்து வாகனக் காப்புறுதி விலையேறியதைப் பற்றிக் கதைத்தார். அது முடிந்ததும் எல்லோரும் இன்னொரு றோல்ஸ் எடுத்துக் கடித்தார்கள்.

மாமி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடல் மாதிரியே கிடக்கு" என்றார், யாருக்கும் என்றில்லாமல்.

மாமாவின் வாய் திறந்தது. அம்மாவைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. உலகத்திலேயே மாமாவுக்கு நன்றாகப் பேசத் தெரிந்தது இந்த ஒரு விசயம்தான். அது தானாகவே மடியில் வந்து விழுந்திருக்கிறது, மனிதர் அடக்கத்தால் செத்துக்கொண்டிருக்கிறார்.

"இது கடல் இல்லை அன்ரி, உப்பு வாசமே இல்லை" என்றேன். "மாமாவைக் கேளுங்கோ. மாமாவுக்கு இங்கிலாந்திலை இருக்கிற பீச் எல்லாம் தெரியும். அங்கை கனகாலம் ஹொலிடே போனவர்!"

அம்மாவின் கை என் தொடையில் கிள்ளியது. பெரியம்மா கதிரையில் நிமிர்ந்தார். "இங்கிலாந்தோ? ஊரிலை இருந்து நேர இங்கை வந்தவர் எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"அது, ஒருக்காச் சும்மா சுத்திப் பாக்கப் போனவர்" என்றார் அப்பா.

"சும்மா இல்லை அப்பா!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் மாமாவின் பெருமையை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. நானே சொன்னேன். மார்கேட் ஹொட்டேல், ஹேஸ்டிங்ஸ் ஹொட்டேல், யார்மத் ஹொட்டேல், எல்லாம் கடலுக்கு முன்னால், காலைச் சாப்பாடு இலவசம், நாலைந்து மாதம், வருடக்கணக்கில். கிள்ளு ஒவ்வொரு ஊருக்கும் பலமாகிக்கொண்டு போனது. மாமா காலுக்குக் கீழே மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது சிவந்திருந்தது. பெரியம்மா மெல்ல றோல்ஸ் பெட்டியை எடுத்து மூடத் தொடங்கினார். சம்பந்தம் பேச வந்தவர்கள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். கிள்ளிய கை விட்டுப்போயிற்று.

மாமிதான் குனிந்து என்னைக் கேட்டார். "மார்கேட்டிலை மாமாவுக்கு என்ன பிடிச்சதாம்?"

"லைப்ரரி. அங்கை நல்ல சூடாம்."

"யார்மத்திலை?"

"கண்ணாடிக் கொட்டில். காத்தடிச்சா மற்றப் பக்கம் போய் இருக்கலாம்."

மாமி எழும்பவில்லை, அப்படியே குனிந்தபடி முகத்தைத் திருப்பி மாமாவைப் பார்த்தார். அவ்வளவு நேரத்தில் நேராகப் பார்த்தது அப்போதுதான். "கூப்பன் தந்த காலமோ, காசு தந்த காலமோ?" என்று கேட்டார்.

மாமா தலையைத் தூக்கினார். "கூப்பன்" என்றார்.

"மிச்சக் காசு தரமாட்டாங்கள்."

"ஓம். அதுக்காக நான் கணக்குச் சரிவரக் கடைசியிலை ஒரு வாழைப்பழம் எடுத்துச் சேக்கிறனான்."

"எங்கடை அம்மா நெருப்புப்பெட்டி எடுக்கிறவ" என்றார் மாமி. "அறை முழுக்க நெருப்புப்பெட்டி. சமைக்க அடுப்பில்லை, நெருப்புப்பெட்டி மட்டும் இருந்தது." சொல்லிவிட்டுச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். மாமா அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பிள்ளை!" என்று பெரியம்மா அதட்டினார்.

"விடுங்கோ பெரியம்மா. எவ்வளவு நாளைக்கு லண்டனிலையே பிறந்து வளந்தவள் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறது? எனக்கும் அலுத்துப்போச்சு."

இப்போது முகம் வெளுத்தது பெரியம்மாவுக்கு. அவர்களும் எங்களிடம் அதையேதான் மறைத்திருந்தார்கள். மாமி பதின்மூன்று வயதில் தாயோடு அங்கே வந்து இறங்கியவர். அகதியாகப் பதிந்தவர்களை, ஆட்கள் வராத காலத்தில் காலியாகக் கிடக்கும் கடற்கரை ஹொட்டேல்களில் கொண்டுபோய் வைத்தார்கள். சாமான் வாங்கக் காசுக்குப் பதிலாகக் கூப்பன் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரைப் பழகும்முன் மாமியை அடுத்த ஊருக்கு மாற்றிவிடுவார்கள். இதெல்லாம் வெளியே தெரிந்தால் நல்ல இடம் அமையாது என்று அவர்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா வானின் முன்சீட்டில் இருந்து திரும்பிச் சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்கு இவை ஒன்றும் தெரியாது. கூப்பன் என்றால் எங்கள் தபால்பெட்டிக்குள் விழும் பீட்சாக் கூப்பன்தான். அதைப் பற்றி இரண்டு பெரியவர்கள் இவ்வளவு ஆசையாகக் கதைக்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன்.

இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அந்தக் குளிரிலும் தனிமையிலும் கிடந்த மனிதர் எனக்கென்று எடுத்து வைத்தது மீன்காரர் தந்த சின்ன மீன்களையும் இலவச விளக்குகளையும்தான். மிச்சத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

மாமி எழும்பி, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறோம் என்றார். கேட்கவில்லை, சொன்னார். இருவரும் தண்ணீர் ஓரமாக நடந்து போனார்கள். நானும் எழும்பினேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இருத்தினார்.

பெரியம்மா பெட்டியைத் திறக்கவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை, மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு மறைக்கவேணும் எண்டு இல்லைத் தங்கச்சி..." என்று தொடங்கினார். "எங்களுக்கும் அப்பிடித்தான் அக்கா" என்றார் அம்மா. பெரியம்மா தண்ணீர் ஓரத்தைப் பார்த்துச் சொன்னார். "உவள் அங்கை என்ன கதைக்கிறாளோ தெரியாது. மனதிலை பட்டதைப் பட்டெண்டு சொல்லிப்போடுவாள். வந்த இடங்கள் எல்லாத்தையும் தானே வேண்டாம் எண்டவள்."

தூரத்தில் இருவரும் கரையொதுங்கிய ஒரு மரக்கட்டையில் இருப்பது தெரிந்தது. இடையில் இன்னும் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடைவெளி. மாமாவின் முன்மயிர் காற்றில் எழும்பிப் போயிருந்தது. அதை அவர் இழுத்து விடவில்லை. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார், பிறகு பிளாஸ்கைத் திறந்து இரண்டு கப்பில் தேத்தண்ணி ஊற்றினார். என் கையில் தந்து, காதோடு சொன்னார். "குடுத்திட்டு உடனை வராதை. கலியாணத்தைப் பற்றி என்ன கதைக்கினம் எண்டு கேட்டுக்கொண்டு வா."

உலகத்தில் இதைவிட நல்ல வேலை எனக்கு யாரும் தந்ததில்லை. தேத்தண்ணி சிந்தாமல் மணலில் பின்பக்கமாகப் போய் நின்றேன்.

"உந்த ஊருகளைக் கோடையிலை பாத்தனீங்களோ?" என்று மாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றார் மாமா. "வெய்யில் வரத் தொடங்க எங்களை ஹொட்டேலாலை எழுப்பிப்போடுவாங்கள். காசு குடுக்கிற ஆக்கள் வருவினம் எல்லே."

"எங்களையும் அப்பிடித்தான். பஸ்ஸிலை ஏத்தேக்கை பாத்தா, கடைக்காரர் ஐஸ்கிறீம் போர்ட்டை எடுத்து வெளியிலை வைப்பினம்."

இரண்டு பேரும் ஏரியைப் பார்த்தபடி இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவருடைய சின்னப் பிள்ளை வாளியில் தண்ணீர் மொண்டு மணலில் ஊற்றிக்கொண்டிருந்தது. மாமா அதையே பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"வாற கோடைக்கு ஒருக்காப் போய்ப் பாப்பமோ?" என்றார்.

மாமி திரும்பி என்னைக் கண்டார், ஒரு கப்பை வாங்கினார், ஒரு மிடறு குடித்தார்.

"எந்த ஊருக்கு முதல்?" என்று கேட்டார்.

மாமா மற்றக் கப்பை வாங்கினார். பிறகு இருவரும் மார்கேட்டா ஹேஸ்டிங்ஸா என்று தொடங்கிவிட்டார்கள். நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். அது முடிகிற வழியாக இல்லை. கால் சுட்டது. எனக்குச் சலிப்போடு கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது. கடற்கரைக்குக் குளிர்காலத்தில் போகிற மனிதர் யாராவது இருப்பார்களா? இதையா நான் வகுப்பில் அவ்வளவு பெருமையாகச் சொன்னேன்?

திரும்பி வந்தபோது அம்மாவும் பெரியம்மாவும் கதிரை நுனியில் இருந்தார்கள். "என்ன கதைக்கினம்?" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"கலியாணத்தைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை அம்மா" என்றேன். "சமருக்கு எந்த பீச்சுக்கு முதல் போறது எண்டு கதைக்கினம். அவை ரெண்டு பேரும் வெய்யிலிலை போகவே இல்லையாம்."

அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. பெரியம்மா எழும்பி வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்தார், அவரும் அழுதார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் குழம்பிவிட்டது, இதுவும் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. பாவம் மாமா, அவருக்கு இது இன்னும் தெரியாது, அங்கே இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்று யோசித்துக்கொண்டு நான் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.